சைதாப்பேட்டை நீராவிக் கலப்பையும் கோயம்புத்தூர் கத்தரிக்காயும்

தி.நகர்லேர்ந்து கிண்டி போற வழியில சைதாப்பேட்டை நெரிசல்ல மாட்டாதவங்க யாருங்க? அந்தச் சைதாப்பேட்டையில ஒரு காலத்துல அரசாங்கமே விவசாயம் பண்ணுச்சு!

1865ல அங்கே சுமார் 350 ஏக்கர்ல அரசு மாதிரிப் பண்ணை ஒண்ணு ஆரம்பிச்சாங்க. யோசனை, அன்றைய மெட்ராஸ் கவர்னர் வில்லியம் டெனிசனோடது. நீராவிக் கலப்பை, விதைக்கும் கருவின்னு இங்கிலாந்துலேர்ந்து வந்து இறங்குச்சு. நோக்கம் நல்லதுதான். ஆனா ஒரு ஜோடி மாடும் கொஞ்சம் நிலமும் வெச்சிருந்த குடியானவருக்கு நீராவிக் கலப்பை எதுக்கு? அவர் கவலையெல்லாம் தண்ணி, எரு, கடன். இத்தனைக்கும் அரசு கஜானாவுல பெரும்பங்கு அவர் கட்டின நிலவரி.

1876ல அதே ஊர்ல விவசாயப் பள்ளியும் வந்தது. அதே வருஷம்தான் தாது வருஷப் பஞ்சமும். லட்சக்கணக்கான பேர் செத்துப்போனாங்க.

1889ல இந்திய விவசாயத்தை ஆராய வோல்க்கர்னு ஒரு வேளாண் வேதியியல் நிபுணரை அனுப்பினாங்க. ஊர் ஊரா சுத்திட்டு 1893ல அறிக்கை கொடுத்தார். நம்ம விவசாயி பிரிட்டிஷ் விவசாயிக்குச் சளைச்சவர் இல்லை, அவருக்கு வசதிகள்தான் குறைச்சல் என்பது அதோட சாரம். கொஞ்சம் காது கொடுத்தாலே புரியற விஷயம்!

அந்தப் பள்ளி 1906ல கோயம்புத்தூருக்குப் போச்சு. அதோட வாரிசுதான் இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

இப்போ கத்தரிக்காய்க்கு வருவோம். 2005ல மஹிகோ கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, கோ-2, பி.எல்.ஆர்-1 மாதிரியான நம்ம ரகங்கள்ல பிடி மரபணுவைச் சேர்க்கற வேலையில இந்தப் பல்கலைக்கழகம் இறங்கிச்சு. காய்த்துளைப்பான் புழுவுக்கு விவசாயி அடிக்கற மருந்தைப் பார்த்தா, அந்த ஆராய்ச்சியே தப்புன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா 2010 பிப்ரவரியில மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பிடி கத்தரியை நிறுத்திவெச்சார். 2011ல நம்ம தரமணியில இருக்கற தேசிய பல்லுயிர் ஆணையம், உள்ளூர் ரகங்களை அனுமதி வாங்காம எடுத்தாங்கன்னு மஹிகோ மேலயும் சம்பந்தப்பட்டவங்க மேலயும் சட்ட நடவடிக்கைக்கு முடிவு செஞ்சது.

தனியார் கம்பெனி லாபம் பார்க்கும், அது அதோட வேலை. வரிப்பணத்துல நடக்கற ஆராய்ச்சி அப்படி இருக்க முடியாதுங்க. யாருக்கு எது தேவைன்னு முதல்ல கேட்கணும். பரம்பரையா காப்பாத்தின விதையை எடுத்தா, காப்பாத்தினவங்களுக்குச் சொல்லணும். ஒப்பந்தத்தையும் முடிவுகளையும், தோல்வி உட்பட, பொதுவுல வைக்கணும்.

1865ல நிலவரி கட்டினவருக்குக் கேள்வி கேட்க வழியே இல்லை. இன்னிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. நாமதான் கேட்கணும்.