ஆலுவாவில் சேரும் கணக்கு: பெரியாற்றின் சூழலியல் வரலாறு

2024 மே 20ஆம் நாள் இரவும் மறுநாள் காலையும் ஆலுவாவுக்குக் கீழே, ஏலூர்–எடயார் தொடங்கி வராப்புழா வரையிலான பெரியாற்றில் மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றில் தானாகத் திரிந்தவை மட்டுமல்ல. கடன் வாங்கிக் கூண்டுகளில் வளர்க்கப்பட்டு விற்பனைக்குக் காத்திருந்த கரிமீனும் காளாஞ்சியும் அவற்றுள் அடக்கம். பாதாளம் தடுப்பணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது, தேங்கிக் கிடந்த உயிர்வளி குறைந்த நீர் கீழே பாய்ந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அமோனியாவும் அளவுக்கு மேல் இருந்தன என்றது கேரள மீன்வள, கடல் ஆய்வுப் பல்கலைக்கழகம். விவாதம் இந்த இரண்டு விளக்கங்களுக்கு இடையிலேயே நின்றுவிட்டது. அந்த நீர் ஏன் தேங்கியது, தடுப்பணை அங்கே ஏன் தேவைப்பட்டது, ஆற்றின் ஓட்டம் எங்கே போயிற்று என்னும் கேள்விகளுக்கு விடை வேதியியலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

பெரியாறு 244 கிலோமீட்டர் நீளமுடையது. சிவகிரி மலைகளில் தோன்றி, முல்லையாறு, முதிரப்புழை, இடமலையாறு முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு மேற்கே இறங்குகிறது. ஆலுவாவில் அது இரண்டாகப் பிரிகிறது. மங்கலப்புழை என்னும் கிளை வடமேற்கே சென்று சாலக்குடி ஆற்றோடு கலக்கிறது. மற்றொரு கிளை ஏலூர் வழியாக வராப்புழா உப்பங்கழியை அடைகிறது. இரண்டு கிளைகளும் பிரியும் இடத்தருகே உள்ள மணப்புறத்தில்தான் சிவராத்திரி இரவில் மக்கள் திரண்டு முன்னோருக்குப் பலியிடுகின்றனர். மலையில் ஆற்றுக்கு எது நேர்ந்தாலும் அதன் விளைவு முழுவதும் வந்து சேரும் முதற் சமவெளி நகரம் ஆலுவா. அவ்வகையில் இந்நகரின் வரலாறு, ஆற்றின்மேல் பிறர் எழுதிய கணக்குகளின் கூட்டுத்தொகை.

பழந்தமிழ் இலக்கியம் இவ்வாற்றை அறியும். அகநானூற்றின் 149ஆம் பாடல், பெரியாற்றில் யவனர் கலம் வந்து மிளகோடு திரும்பியதைக் குறிக்கிறது. முசிறித் துறையிலிருந்து ஏற்றப்பட்ட சரக்கைப் பற்றிய இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் ஒன்று இன்று வியன்னாவில் உள்ளது. பரவூரை அடுத்த பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வு, இக்கழிமுகத்தின் கடல்வணிகத்தை மண்ணிலிருந்தும் உறுதி செய்தது. அந்தத் துறைமுகத்தின் வீழ்ச்சியை 1341ஆம் ஆண்டு வெள்ளத்தோடு இணைத்துப் பேசுவது கேரள வரலாற்று மரபு. வண்டல் கொடுங்கல்லூர் முகத்துவாரத்தைத் தூர்த்தது, கொச்சியில் புதிய வாய் திறந்தது, வைப்பின் தீவு மேலெழுந்தது என்பது அம்மரபின் சுருக்கம். ஒரே ஆண்டில் எல்லாம் நிகழ்ந்ததா, பல நூற்றாண்டுப் படிவுக்கு அவ்வெள்ளம் முத்திரை மட்டும் வைத்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவ்வாண்டை முதலாகக் கொண்டு 'புதுவைப்பு' என்னும் ஆண்டுமுறையே வழங்கியிருக்கிறது. மட்டாஞ்சேரியின் அரண்மனையும் யூதர் ஆலயமும் மிளகுக் கிடங்குகளும் எழுந்த நிலத்துக்குத் துறைமுகத்தைத் தந்தது மலையிலிருந்து இறங்கிய அந்த ஆறு.

துறைமுகத்தைத் தந்த ஆறு குடிநீரையும் தர வேண்டியிருந்தது. கொச்சியின் கிணறுகளில் உப்பு ஊறியது. யானைக்கால் நோய் அங்கு அவ்வளவு பரவியிருந்ததால் ஐரோப்பியர் அதற்குக் 'கொச்சிக்கால்' என்றே பெயரிட்டனர். அந்நோய் கொசுவால் பரவுவது என்று அறியப்படுவதற்கு முன், நீர்தான் அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. எனவே வசதி படைத்தோர் ஆலுவாவிலிருந்து படகில் நீர் தருவித்தனர். போர்த்துகீசியரும் பின்னர் டச்சுக்காரரும் கோடையில் ஆலுவாவுக்கே வந்து ஆற்றில் நீராடித் தங்கினர். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் ஆலுவாவை அடுத்த சொவ்வரையிலிருந்து எறணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் குழாய்நீர் செல்லத் தொடங்கியது. இன்றும் கொச்சி மாநகரின் குடிநீருக்கு ஆலுவாவே பெரும் ஆதாரம்.

இதற்குள் மலையில் வேறு கணக்குகள் தொடங்கியிருந்தன. 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பின் மதுரை, இராமநாதபுரம் வறட்சிக்குத் தீர்வாகப் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் பழைய திட்டம் உயிர்பெற்றது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருக்கும் சென்னை அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. சுரங்கத்தின் வழியே நீர் வைகைப் படுகைக்குச் சென்றது. கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டமும் அந்நீரால் பெற்ற வாழ்வைக் குறைத்துச் சொல்வது வரலாறாகாது. அதே அணை காட்டைப் புதிதாக வரைந்தது என்பதும் அவ்வளவே உண்மை. மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் நூற்றாண்டைத் தாண்டியும் ஏரியில் நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அமர்கின்றன. ஏரியைச் சுற்றிய காடு 1899இல் ஒதுக்குக்காடாகி, 1934இல் விலங்குக் காப்பகமாகி, 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. பாசனத்துக்காக உருவான செயற்கை ஏரி, யானைகளின் கோடைப் புகலிடமாயிற்று. அதே வேளையில், மேற்பெரியாற்றின் ஓடைகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத மீனினங்கள் சுருங்கிய வாழிடத்துக்குள் ஒதுங்கின.

வடக்கே மூணாறு மலைகளில் வேறொரு மாற்றம். 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற குத்தகை நிலம், பின்னர் கண்ணன் தேவன் தேயிலை நிலமாயிற்று. சோலைக்காடுகளும் புல்வெளிகளும் தேயிலைக்கு வழிவிட்டன. அந்த மலைக்கு ஆலுவாவிலிருந்து கோதமங்கலம், குட்டம்புழை, பூயங்குட்டி, மாங்குளம் வழியாக ஒரு சாலை ஏறியது.

1924 மார்ச்சில், ஆலுவா ஆற்றங்கரையில் உள்ள அத்வைத ஆசிரமத்தில் நாராயண குரு அனைத்துச் சமய மாநாட்டைக் கூட்டினார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த சதாசிவ ஐயர் தலைமை தாங்கினார். வாதிட்டு வெல்வதற்காக அன்று, அறியவும் அறிவிக்கவுமே அம்மாநாடு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நான்கு மாதங்களில், மலையாள ஆண்டு 1099இன் கர்க்கடகத்தில், அதே ஆறு கரையை விழுங்கியது. 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்று இன்றும் பேசப்படும் அப்பேரழிவில் மூணாற்றின் குண்டளை இருப்புப்பாதை முழுதும் அழிந்தது. கரிந்திரி மலை சரிந்து ஆலுவா–மூணாறு சாலையைத் துண்டித்தது. தகழியின் 'வெள்ளப்பொக்கத்தில்' என்னும் சிறுகதை, வெள்ளத்தில் கைவிடப்பட்ட ஒரு நாயின் வழியே அத்தகைய அழிவைச் சொல்கிறது. பழைய சாலை மீண்டும் கட்டப்படவில்லை. நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை அமைந்தது. 1935இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட பாதையின் பெரும்பகுதியில் காடு மீண்டும் வளர்ந்தது. இன்று அச்சாலையைத் திறக்கக் கோருவோருக்கும் அது யானைகளின் வாழிடம் என்போருக்கும் இடையே பூசல் நிலவுகிறது.

வெள்ளம் அழித்த மலையிலிருந்தே அடுத்த கணக்கும் வந்தது: மின்சாரம். 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரத்தை நம்பி, திவான் சி. பி. இராமசாமி ஐயரின் காலத்தில், ஆலுவாவைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்தன. 1943இல் அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டு, சேஷசாயி சகோதரர்களின் முயற்சியில், திருவிதாங்கூர் உர, இரசாயன நிறுவனமான 'ஃபாக்ட்' பதிவாயிற்று. 1947இல் ஏலூரில் உர உற்பத்தி தொடங்கியது. வங்கப் பஞ்சத்தின் நிழலில், நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. உரம் அன்று உயிர்காக்கும் பொருள்.

அவ்வாலையின் தொடக்கக்காலத் தொழில்நுட்பம் சூழலியல் வரலாற்று மாணவர் நின்று நோக்க வேண்டிய ஒன்று. அமோனியாவுக்குத் தேவையான ஹைட்ரஜனைப் பெற அங்கே விறகை வாயுவாக்கினர். நிலக்கரியும் எண்ணெயும் கிடைக்காத நாட்டில், காட்டு மரமே வயலுக்கு உரமாயிற்று. மலையின் நீர் மின்சாரமாகவும், மரம் உரமாகவும், எஞ்சியவை கழிவாகவும் ஒரே இடத்தில் சந்தித்தன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரிமண், காஸ்டிக் சோடா, டி.டி.டி., துத்தநாகம் என ஆலைகள் பெருகின. ஆறு அருகில் இருந்ததே அவ்விடத் தேர்வுக்கு முதன்மைக் காரணம்: எடுக்க நீர், ஏற்றிச்செல்ல வழி, கரைக்க ஓட்டம்.

மூன்றாவது காரணமே பின்னாளில் பொய்த்தது. 1976இல் திறக்கப்பட்ட இடுக்கித் திட்டம் பெரியாற்று நீரைச் சுரங்கங்கள் வழியாக மூலமற்றத்துக்கு இறக்குகிறது. மின்சாரம் எடுத்தபின் அந்நீர் மூவாற்றுப்புழை ஆற்றில் விழுகிறது. கிழக்கே வைகைக்கு ஒரு பங்கு, தெற்கே மூவாற்றுப்புழைக்கு ஒரு பங்கு, பூதத்தான்கெட்டிலிருந்து கால்வாய்ப் பாசனத்துக்கு ஒரு பங்கு எனப் பிரிந்தபின், கோடையில் ஆலுவாவுக்கு வரும் நீர் மெலிந்தது. கட்டட வேலைக்காக மணல் அள்ளப்பட்டு ஆற்றின் படுகையும் தாழ்ந்தது. அதைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2001இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஓட்டம் மெலிந்து படுகையும் தாழ்ந்த ஆற்றில் கடல்நீர் மேலேறுகிறது. குடிநீர் எடுக்கும் இடத்தை உப்பு எட்டாதிருக்க, கோடைதோறும் பாதாளத்திலும் புறப்பிள்ளிக்காவிலும் முன்பு மண்ணால் அணை கட்டினர்; பின்னர் மதகுகளோடு நிலையான தடுப்பணை வந்தது. தடுப்பணைக்கு மேலே நீர் தேங்குகிறது. தேங்கும் பகுதி தொழிற்சாலைகளின் கரையும் ஆகும். மழை வந்து மதகு திறக்கும் நாளில் மீன்கள் சாகின்றன.

எனவே 2024இல் முன்வைக்கப்பட்ட இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. கழிவு இன்றி நீர் அவ்வளவு கெட்டிருக்காது. தேக்கம் இன்றிக் கழிவு அவ்வாறு திரண்டிருக்காது. மலையில் நீர் திருப்பப்படாவிடில் தேக்கத்துக்கே தேவை குறைந்திருக்கும். இது ஆலைகளின் பொறுப்பைக் குறைக்கும் வாதம் அன்று. குழிக்கண்டம் தோட்டின் வண்டலில் டி.டி.டி. எச்சங்கள் இருப்பதைக் கிரீன்பீஸ் 1999இல் எடுத்த மாதிரிகளே காட்டின. பெருங்கொச்சித் தொழிற்பகுதியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. பொறுப்பு தெளிவாகவே உள்ளது. ஆனால் அதைத் தனி ஒரு மதகின்மீதோ தனி ஒரு குழாயின்மீதோ சுமத்தி முடிக்கும்போது, அடுத்த கோடைக்கு எதுவும் மாறுவதில்லை.

ஆண்டு முழுதும் நீரை வேறெங்கோ அனுப்பும் அமைப்பு, பெருமழையில் அதை ஆலுவாவுக்கே திருப்பித் தருகிறது. 2018 ஆகஸ்ட் 9இல், 26 ஆண்டுகளுக்குப் பின், இடுக்கியின் செறுதோணி மதகு திறக்கப்பட்டது. 15ஆம் நாள் முதல் மணப்புறமும் நகரும் மூழ்கின. பெரியாற்றின் பழைய நீர்வழியான செங்கல்தோட்டை அடுத்து, நெல்வயல்களில் எழுந்த நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரம் மூடப்பட்டது. அணைகள் வெள்ளத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை, மழை 1924 மழைக்கு நிகரானது என்றது மத்திய நீர் ஆணையம். அணை மேலாண்மையில் குறை உண்டு என்றது உயர் நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞரின் அறிக்கை. இவ்விவாதத்திலும் ஒரு தனிக் காரணத்தைத் தேடும் பழக்கமே மேலோங்கியது.

இப்பழக்கத்துக்கு ஆவணங்களும் துணைபோகின்றன. முல்லைப் பெரியாற்றுக் கோப்புகள் சென்னை எழும்பூரில் உள்ளன. திருவிதாங்கூரின் மின்சாரமும் தொழிற்கொள்கையும் திருவனந்தபுரத்தில். கொச்சி அரசின் ஆவணங்கள் எறணாகுளத்தில். ஆறு எவ்வாறு பங்கிடப்பட்டதோ அவ்வாறே அதன் வரலாறும் பங்கிடப்பட்டுள்ளது. பாசனத்தை ஆய்பவர் மீனைப் பார்ப்பதில்லை. காட்டுயிரை ஆய்பவர் தேக்கடியோடும் தட்டேக்காட்டோடும் நின்றுவிடுகிறார். மாசை ஆய்பவர் ஏலூரில் தொடங்குகிறார். சாலிம் அலி 1930களில் திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது அரச எல்லைகளைத் தாண்டி வாழிடங்களைத் தொடர்ந்தார். தட்டேக்காடு 1983இல் பறவைக் காப்பகமானதற்கு அவ்வாய்வே வித்து. ஆற்றுக்கு அத்தகைய ஒரு முழுக் கணக்கெடுப்பு வேண்டும். அதில் மூன்று ஆவணக் காப்பகங்களின் தாள்களோடு, ஏலூரிலும் வராப்புழாவிலும் வலைவீசுவோர் அறிந்தவையும் இடம்பெற வேண்டும்: எந்த மாதத்தில் நீர் நிறம் மாறும், எந்த நாற்றத்துக்குப் பின் மீன் மேலே வரும், எந்த மீன் எப்போது வராமற்போனது என்பவை. அவை எந்தத் தொகுப்பிலும் எண்ணிடப்படவில்லை. அவற்றை அறிந்தோர் முதுமை அடைந்துகொண்டிருக்கின்றனர்.

நூறாண்டுக்கு முன் அக்கரையில் கூடியோர் முன் வைக்கப்பட்ட நெறி, ஆற்றைப் பற்றிய விவாதத்துக்கும் பொருந்தும். இரு மாநிலங்களுக்கு இடையேயும், ஆலைக்கும் மீனவருக்கும் இடையேயும் இதுவரை நடந்தவை வெல்வதற்கான வாதங்கள். அறிவதற்கான வேலை பெரும்பாலும் எஞ்சியே இருக்கிறது. மாநகரின் குடிநீர்க் குழாய் தொடங்கும் இடத்துக்குச் சில கிலோமீட்டர் கீழேதான் மீன்கள் செத்து மிதந்தன என்பதால், அவ்வேலை காத்திருக்கத்தக்கதன்று.