நிலா பார்த்து நாள் குறிப்பது: விக்கா, பழனி, கொடைக்கானல்

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "சார், இங்க விக்கான்னு ஒரு மதம் இருக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடி மந்திரம் சொல்றாங்க. வேணுங்கறதை வளர்பிறையில கேட்பாங்களாம், வேண்டாததைத் தேய்பிறையில விரட்டுவாங்களாம். எங்க அம்மாயி சொன்ன மாதிரியே இருக்கே. நம்மகிட்டயிருந்து போனதா?"

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் விக்கா. பழங்கால மதம் என்று அவர்களில் பலர் சொல்வதுண்டு. ஆனால் இன்றுள்ள வடிவத்தில் அது இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவானது. சார்லஸ் லேலண்ட் என்ற அமெரிக்கர் 1899இல் 'அராடியா' என்ற நூலை வெளியிட்டார். இத்தாலிய சூனியக்காரிகளின் மரபு என்று அவர் அதில் தொகுத்தவற்றில், மாதம் ஒருமுறை முழுநிலா நாளில் கூட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பிறகு ஜெரால்டு கார்ட்னர் வந்தார். சூனியத் தடைச் சட்டம் பிரிட்டனில் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவர் எழுதிய நூலோடு விக்கா வெளியுலகுக்குத் தெரிந்தது. பௌர்ணமிக் கூட்டத்தை அவர்கள் 'எஸ்பட்' என்கிறார்கள்.

இந்தக் கார்ட்னர் 1900இல், பதினாறு வயதில், இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை கற்றவர். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் தமிழர்கள். உடனே "பார்த்தாயா, நம்மிடம் கற்றதுதான்" என்று மார்தட்ட வேண்டாம். இத்தாலிப் பெயரில் அந்த விதி 1899லேயே அச்சாகிவிட்டது. நிலா வளர்வதையும் தேய்வதையும் எல்லா நாட்டு மக்களும் பார்க்கிறார்கள். வளர்கிற நாளில் தொடங்கினால் வளரும், தேய்கிற நாளில் விட்டால் தேயும் என்ற எண்ணம் யார் மனதிலும் தோன்றக்கூடியது. அதற்கு யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்க வேண்டியதில்லை.

இனி நம் பழனிக்கு வருவோம்.

பழனியில் பெரிய திருவிழாக்கள் எல்லாம் நிலாவை ஒட்டியே வருகின்றன. தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் மூன்றும் பௌர்ணமியை ஒட்டியவை. கந்த சஷ்டி ஐப்பசி அமாவாசைக்கு அடுத்து வரும் ஆறாம் நாள். காரணம் கேட்டால் புராணம் சொல்வோம். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. அதை நடந்து போனவர்களின் கால்கள் அறியும்.

செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி பல தலைமுறைகளாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருகிறது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் காவடியாக வருகிறது. தெருவிளக்கும் டார்ச்சும் இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு அரை நிலா நடுச்சாமம் வரை வெளிச்சம் தரும். அதன் பிறகு தினமும் நிலா மறையும் நேரம் முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளிப் போகும். பழனி சேரும் இரவில் விடியும்வரை நிலவு. அடிவாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடும் இரவில் ஊரே வெளிச்சம். கடிதப் போக்குவரத்து இல்லாமல் எல்லா ஊர்க்காரர்களும் ஒரே நாளில் வந்து சேர, அண்ணாந்து பார்த்தால் தெரிகிற இதைவிட நல்ல நாட்காட்டி ஏது?

ஆக, நிலா செய்த முதல் வேலை இதுதான்: வெளிச்சம் கொடுத்தது, கூடுவதற்கு நாள் கொடுத்தது. விக்கா குழுவினரின் பௌர்ணமிக் கூட்டத்திலும் இந்தப் பயன் இருக்கத்தான் செய்கிறது.

இலங்கையில் ஓர் அரசே இதைச் செய்து பார்த்தது. 1966 முதல் 1971 வரை அங்கே ஞாயிறு வார விடுமுறை இல்லை. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அரைப்பிறை என நான்கு போயா நாட்களே விடுமுறை. நிலாவின் சுற்று சுமார் 29.53 நாள் என்பதால் நான்கு சம வாரமாகப் பங்கிட முடியாது. வாரத்தின் நீளம் மாறிக்கொண்டே இருந்தது. உலக வணிகம் ஒரு கணக்கில் போக, நாடு வேறு கணக்கில் போனது. கடைசியில் ஞாயிறு திரும்ப வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் இன்றும் விடுமுறை.

அந்த 29.53 என்ற எண் கேட்பதற்கு எளிது. நிலா ஒரே வேகத்தில் ஓடாது. பூமிக்கு அருகில் வரும்போது விரையும், தள்ளிப் போகும்போது மெல்லப் போகும். அதனால் ஒரு திதி சில நாள் 20 மணி நேரத்தில் முடியும், சில நாள் 26 மணி நேரத்தையும் தாண்டும். இதைக் கணிக்க நம் முன்னோர் செய்த ஏற்பாட்டை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ! 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். வாக்கியத்தைச் சொன்னால் அன்று நிலா நிற்கும் இடம் வந்துவிடும். ஏன் 248? நிலா பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அப்படி வர சுமார் 27.55 நாள். அதை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். வரருசி செய்தது என்பது மரபு. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் வந்தது இதனால்தான்.

ஜான் வாரன் என்பவர் சென்னை வான்நோக்குக்கூடத்தின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தவர். அவர் 1825இல் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வசித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தாளும் பேனாவும் இல்லாமல், தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டே 1825 மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்தான் பிசகு. சோழிகளையும் ஞாபகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு! அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றும்.

அதே சென்னை வான்நோக்குக்கூடத்தின் வாரிசுதான் நம் கொடைக்கானல் வான்நோக்குக்கூடம். 1899இல் நிறுவப்பட்டு 1901இல் நோக்கும் பணி தொடங்கியது. லேலண்டின் புத்தகம் லண்டனில் வந்த அதே 1899! கொடைக்கானலின் முதன்மையான வேலை சூரியனைப் பார்ப்பது. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். ஆனால் நிலாவுக்கும் அங்கே ஒரு கதை இருக்கிறது.

கொடைக்கானல் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. நம் தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், அந்தக் கோட்டை ஒட்டி, பகலில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. கடலில் ஓதம் ஏறி இறங்குவதுபோல, நிலாவின் ஈர்ப்பால் காற்று மண்டலத்திலும் ஓதம் உண்டு. அது அந்த மின்னோட்டத்தை அசைக்க, கீழே காந்தக் கருவி மிகச் சிறிதளவு அசைகிறது. கொடைக்கானலின் காந்தப் பதிவுகளில் இந்த நிலாக் கணக்கை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஒருநாள் பதிவைப் பார்த்தால் தெரியாது. நல்லது கெட்டது பார்க்காமல் வருடக்கணக்காகத் தினமும் எழுதி வைத்த எண்களைக் கூட்டிக் கழித்த பிறகுதான் தெரியும்.

எனவே "நிலாவால் ஒன்றும் ஆகாது" என்று சொல்பவன் அல்ல நான். ஆகிறது. கடலில் ஆகிறது, கொடைக்கானல் காந்தத்தில்கூட ஆகிறது. சோழி வைத்துக் கணித்தவரும், கொடைக்கானலில் பதிவேடு எழுதியவரும் ஒரு ஜாதி. இருவருமே தங்கள் பிசகு எவ்வளவு என்று அளந்து பார்க்க இடம் கொடுத்தவர்கள். மந்திரம் அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. பலித்தால் நிலாவின் பெருமை, பலிக்காவிட்டால் நாம் நேரம் தவறினோம். அங்கே தோல்விக்குப் பதிவேடு கிடையாது.

விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசையை நாம் 'நிறைந்த நாள்' என்று சொல்லி, கடை திறக்கிறோம், வண்டி எடுக்கிறோம். வட இந்தியாவில் பலர் அன்று புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். அதே நம் ஊரிலேயே மாந்திரீகன் சுடுகாட்டுக்குப் போவதும் அமாவாசை இரவுதான் என்று கதை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரம் சில சமயம் மணிக்கணக்கில் வேறுபடும். ஆனாலும் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரிதான் வாழ்கிறோம், தாழ்கிறோம்.

எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. பௌர்ணமியில் பிரசவம் அதிகம் என்பது உலகம் முழுக்க உள்ள நம்பிக்கை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1997 முதல் 2001 வரை, 62 நிலாச் சுற்றுகளில் நடந்த 5,64,039 பிரசவங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். எந்தப் பிறையிலும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் உறவில் ஒருவர், பெயர் வேண்டாம். சர்க்கரை நோய். கால் விரலில் புண். ஆஸ்பத்திரியில் உடனே சேரச் சொன்னார்கள். "தேய்பிறையில கத்தி வைக்க வேண்டாம், வளர்பிறை பொறக்கட்டும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்ல, பதினோரு நாள் தள்ளிப் போட்டார்கள். ஒரு விரலோடு போயிருக்க வேண்டியது பாதத்தில் பாதியாகப் போனது. வளர்பிறையில் வளர்ந்தது புண்தான். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்றே நினைத்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகவே என் கருத்து இது. தைப்பூசத்துக்கு நடந்து போங்கள். பௌர்ணமியில் கிரிவலம் வாருங்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பாருங்கள்; நாலு பேர் கூட ஒரு நாள் வேண்டும்தானே. முன்னோருக்கு அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடுங்கள். விக்காக்காரர்கள் முழுநிலாவில் கூடி மனதைத் தேற்றிக்கொண்டால் அதையும் கேலி செய்ய வேண்டாம். தள்ளிப் போட்டால் நட்டமில்லாத காரியத்துக்குத் தாராளமாக நிலாவைக் கேளுங்கள். காய்ச்சல், மார்வலி, புண், பிரசவம், தடுப்பூசி, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு மருத்துவர் சொல்லும் நேரமே நல்ல நேரம். வீட்டுப் பெரியவர்கள் தடுத்தால் சண்டை போடாதீர்கள். "ஆபத்துக்குத் தோஷமில்லை" என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லி ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

கொடைக்கானல் போகிறவர்கள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பின்னால் நின்று பாருங்கள். வானம் தெளிந்திருந்தால் கீழே பழனி தெரியும். பிள்ளைகளையும் கூட்டிப் போய், இரவில் நிலாவை ஒரு மாதம் தொடர்ந்து பார்த்து நோட்டில் வரைந்து வரச் சொல்லுங்கள். எந்த நாள் எத்தனை மணிக்கு உதித்தது என்று எழுதட்டும். வரைந்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தித் தர வாத்தியார் இன்னும் தயார்.

அனைவரும் நலமோடு இருங்கள்.