நாம் காணாத முதற் படம்

மர்மப் படங்களால் உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேயர் அல்பிரட் ஹிச்கொக், 1926ஆம் ஆண்டில் ‘மலைக் கழுகு’ என்னும் பேசாப் படமொன்றை வெளியிட்டார். அதன் பிரதி இன்று உலகில் எங்குமே அகப்படவில்லை. சில நிழற்படங்களே எஞ்சியுள்ளன. எடுத்தவரே அதனை மிக மோசமான படம் என்று சொன்னவர்! ஆயினும் பிரித்தானியத் திரைப்பட நிலையம், 2010இல் தான் தேடும் 75 படங்களின் பட்டியலிலே அதனையும் சேர்த்தது. அவருடைய எஞ்சிய ஒன்பது பேசாப் படங்களும் 2012இல் புதுப்பிக்கப்பட்டன.

இவ்வாறு தேடப்பட வேண்டிய படமொன்று நமக்கும் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1925ஆம் ஆண்டில் இலங்கையில் ‘இராஜகீய விக்கிரமய’, அதாவது ‘அரச சாகசம்’, என்ற பேசாப் படம் உருவாகியது. நம் நாட்டில் எடுக்கப்பெற்ற முதற் கதைப்படம் இதுவே. தயாரித்தவர் நூர்பாய். கதாநாயகனாகத் தோன்றியவர் யார் தெரியுமா? 1935இல் சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தோரில் ஒருவராகி, பின்னர் நிதியமைச்சராகவும் விளங்கிய கலாநிதி என். எம். பெரேரா அவர்களே! அப்போது அவருக்கு வயது இருபது; ஏறக்குறைய நம் சங்கத்து வாலிபரின் வயது. பிற்காலத்தில் வரவு செலவுத் திட்டத்தை வாசித்த அந்த மனிதரை அரசிளங்குமரனாகக் கற்பனை செய்வது எனக்குச் சிரமமாகவே இருக்கிறது.

படம் பம்பாயிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்டது. இலங்கையிலே திரையிடப்படுமுன் தீக்கிரையாயிற்று. அந்நியர் கண்டனர், எடுத்த நாட்டவர் காணவில்லை.

அக்காலப் படச்சுருள் செலுலோசு நைத்திரேற்றினால் ஆனது. அது எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னகத்தே கொண்டிருப்பதால், பற்றிக்கொண்டால் நீருக்குள்ளும் எரியும். தீயில் அகப்படாத சுருளும் வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, ஈற்றில் பொடியாகிவிடும். எத்தாளை போன்ற உப்புக் காற்று வீசும் கரையில் வாழும் நமக்கு இரும்பே துருப்பிடித்து உதிர்வது புதிதன்று. படச்சுருளின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? தென்னிந்தியாவின் முதற் கதைப்படமென்று போற்றப்படும் நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’, பாரதக் கதையைத் திரைக்குக் கொணர்ந்த பெருமையோடு, அதுவும் மறைந்து போயிற்று.

இலங்கை மக்கள் சிங்கள மொழி பேசும் படமொன்றைக் காண 1947 சனவரி 21 வரை காத்திருக்க நேர்ந்தது. ‘கடவுனு பொறொந்துவ’ என்ற அப்படத்தைத் தென்னிந்தியக் கலையகத்தில் எடுத்து வழங்கியவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர்.