வைத்தியசாலை வாயிலுக்கு அப்பால்

வைத்தியசாலைகளின் சரித்திரத்தை எழுதுவோர், கட்டடம் எழுந்த ஆண்டையும், பொருள் ஈந்த செல்வரின் பெயரையும், பிழைத்தோர் மாண்டோர் தொகையையும் கூறி அமைவது வழக்கம். பிழைத்தோர் வீடு சென்ற பின்னர் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினா அச்சரித்திரங்களில் எழுவது அரிது. தோட்டத்துக் காரியாலயத்தில் செக்ரோல் எழுதும் நம் போன்ற கிராணிகளுக்கு இக்குறை எளிதிற் புலனாகும். ஆஸ்பத்திரிக்குச் சென்றவன் பெயருக்கு நேரே ஒரு குறி இடுகிறோம். அவன் மீண்டு வந்து பெரட்டில் நின்றால் வேறொரு குறி இடுகிறோம். நின்றவனுக்கு முன்போல் வாளி தூக்கும் வலிமை உண்டா என்பதை எழுத ஏட்டில் இடமில்லை.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. நான்காமவனை மற்ற மூவரோடு ஒப்ப வைத்த அந்தப் பகுப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. மருத்துவன் விடைகொடுத்த பின்னும் பேணுபவனுக்கு வேலை முடிவதில்லை. இந்நான்காம் கூறு சிங்கப்பூரில் எவ்வாறு மறக்கப்பட்டது, எவ்வாறு மீண்டும் நினைக்கப்பட்டது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் பாலஸ்தியர் சாலை சந்திக்கும் இடத்தைக் கடப்பர். 1844-ல் டான் டோக் செங் என்னும் வணிகர் பொருள் தந்து பேர்ள்ஸ் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏழைகள் வைத்தியசாலை, 1861-ல் அப்பகுதிக்கு இடம் மாறிற்று. 1909-ல் மௌல்மேன் சாலைக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் காசநோய் இந்நகரைப் பெரிதும் வாட்டியபொழுது, அந்நோயாளர்க்குப் பெரும்புகலாய் இருந்தது இந்த ஆஸ்பத்திரியே.

காசநோய் ஒரு பாடம் புகட்டிற்று. புதிய மருந்துகள் வந்த பின்னரும், இருமல் நின்றவுடன் மருந்தை நிறுத்தியவன் மீண்டும் படுக்கையில் வீழ்ந்தான். சிகிச்சை ஓராண்டுக்கும் மேலாக நீண்டது. எனவே நோயாளியை வீடுவரை பின்தொடர வேண்டியதாயிற்று. 1947-ல் தோன்றிய சிங்கப்பூர்க் காசநோய் எதிர்ப்புச் சங்கம் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் அரசாங்கத்துக்குத் துணைநின்றது. 1970-களில் தொடங்கிச் சிங்கப்பூரும் பங்குகொண்ட ஆராய்ச்சிகள், சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகக் குறைக்க உதவின. ஆறு மாதமாயினும் ஒரு நாளும் தவறாது மருந்துண்ண வேண்டும் என்னும் விதி மாறவில்லை.

எலும்பிலும் மூட்டிலும் காசநோய் பற்றிய குழந்தைகளுக்கென 1939-லேயே சிக்லாப் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் ஒரு வைத்தியசாலை அமைத்தது. சில பிணிகள் வாரக்கணக்கிலன்றி மாதக்கணக்கில் தீர்வன என்பதை அக்காலத்தோர் அறிந்திருந்தனர். 1958-ல் இளம்பிள்ளை வாதம் பெருந்தொற்றாய்ப் பரவி நானூற்றுக்கு மேற்பட்டோரைத் தாக்கியது. அவ்வாண்டு இந்நகரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் குழந்தைகளுக்கு வாய்வழித் தடுப்புமருந்து புகட்டப்பட்டது. நோய் அடங்கிற்று, ஆயின் அதற்குள் கால் சூம்பிய குழந்தைகளின் வாழ்வு தொடர்ந்தது.

இவ்வாத நோயே இன்றைய தீவிர சிகிச்சைக்கு வித்திட்டது. 1952-ல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் நோய் கடுமையாய்ப் பரவியது. முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசை செயலிழந்த 31 பேரில் 27 பேர் மாண்டனர். மயக்க மருந்து வல்லுநரான பியோன் இப்சன், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடுவித்துக் குழாய் செருகி, பையை அமுக்கிக் காற்றைச் செலுத்தினார், அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர் முறை வைத்து இரவும் பகலும் கையால் பையை அமுக்கிப் பலர் உயிரைக் காத்தனர். அடுத்த ஆண்டு இப்சன் தீவிர சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு கண்டார்.

இவ்வெற்றியை உலகம் போற்றிற்று, போற்றுதல் தகும். ஆனால் அச்சிறுமியின் பிற்கால வரலாற்றைக் கூறுவார் சிலரே. அவள் ஏழாண்டு வைத்தியசாலையிலேயே இருந்தாள். பின்னர் தாயோடு ஒரு குடியிருப்பில், இடையறாத பணிவிடையுடன் வாழ்ந்து, 1971-ல் மறைந்தாள். இயந்திரம் மூச்சைத் தந்தது. எஞ்சிய ஆண்டுகளைத் தந்தவர் தாயும் பணியாளரும். தீவிர சிகிச்சையின் முதல் வெற்றியே அதன் முடிவுறாத கடமையையும் உலகுக்குக் காட்டிற்று.

அக்கடமையை மருத்துவ உலகம் உணர அரை நூற்றாண்டு சென்றது. கனடாவின் டொரொன்டோ நகர மருத்துவர், நுரையீரல் கடுமையாய்ப் பழுதுற்றுப் பிழைத்த 109 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2003-ல் முடிபுகளை வெளியிட்டனர். தீவிர சிகிச்சையை விட்டு வெளிவருகையில் அவர்கள் தம் உடல் எடையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு இழந்திருந்தனர். ஓராண்டு கழிந்தபொழுது நுரையீரல் பெரும்பாலும் தேறியிருந்தது, தசையோ தேறவில்லை. ஏறத்தாழப் பாதிப் பேரே வேலைக்குத் திரும்பியிருந்தனர்.

காரணம் விளங்காததன்று. படுக்கையில் அசைவின்றிக் கிடக்கும் உடலில், கடும் நோயின் வெப்பமும் சேர்ந்து தசையை விரைவில் கரைக்கும். மயக்க மருந்தும் பிராணவாயுக் குறைவும் மூளையைக் கலக்கும். நினைவு தடுமாறுதல், கணக்குத் தவறுதல், உறக்கமின்மை, கொடுங்கனவு ஆகியன தொடரும். இவை யாவற்றையும் ஒருசேரக் குறிக்க, தீவிர சிகிச்சைக்குப் பிந்திய நோய்த்தொகுதி என்னும் பெயரை 2010-ல் கூடிய வல்லுநர் தேர்ந்தனர். பேணுகின்ற குடும்பத்தார்க்கும் அச்சமும் மனச்சோர்வும் உண்டாகும் என்பதையும் அவர்கள் அதனுள் அடக்கினர்.

சிங்கப்பூர் இதனைக் கண்ணாரக் கண்டது 2003-ல். அவ்வாண்டு சார்ஸ் நோய் 238 பேரைப் பற்றிற்று. 33 பேர் மாண்டனர். மருத்துவரும் தாதியரும் மாண்டோருள் இருந்தனர். டான் டோக் செங் ஆஸ்பத்திரியே சார்ஸ் நோயாளர்க்குரிய இடமாக ஒதுக்கப்பட்டது. மே 31-ல் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. பத்திரிகைகளைப் பொறுத்தமட்டில் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் பிழைத்தோரை மருத்துவர் மீண்டும் அழைத்துச் சோதித்தனர். ஓராண்டுக்குப் பின் சோதிக்கப்பட்ட 94 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர்க்கு நுரையீரலில் சிறுகுறை எஞ்சியிருந்தது. மூச்சுச் சோதனை காட்டிய குறையினும் அவர்களுடைய அன்றாட வாழ்வின் நலிவு மிகுதியாய் இருந்தது. நோய் நீங்கிற்று என்று எழுதப்பட்டவருள் பலர் நலம் பெற்றவரல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனிச் செய்யத்தக்கது யாது? இங்கிலாந்தில் விஸ்டன் வைத்தியசாலையில் கிரிஃபித்ஸ் என்னும் மருத்துவரும் ஜோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் 1990 அளவில் பிழைத்தோரை மீண்டும் வரவழைத்துப் பேசத் தொடங்கினர். வீட்டிலிருந்தே ஆறு வாரம் செய்யத்தக்க பயிற்சிகளும் விளக்கமும் அடங்கிய கையேடு ஒன்றைத் தந்தனர். அதைப் பெற்றோர் பெறாதோரினும் நன்கு உடல் தேறியமை 2003-ல் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் 2009-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, தாதியர் நடத்தும் மறுசந்திப்பால் மட்டும் வாழ்க்கைத் தரம் உயரவில்லை எனக் கண்டது. அழைத்து நலம் விசாரித்தல் போதாது; செய்கையான உதவி வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க கருத்து.

செய்கையான உதவிக்கு இந்நகரில் இடமில்லாமல் இல்லை. 1992-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் சமூக வைத்தியசாலை திறக்கப்பட்டது முதல், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீடு செல்ல இயலாதார்க்கு இடைத்தங்கலான சமூக வைத்தியசாலைகள் பெருகியுள்ளன. குடும்பமும் குடியுரிமையும் உடையார்க்கு அவ்வழி திறந்திருக்கிறது. கடல் கடந்து தனியே வந்து உழைக்கும் நம் சகோதரர்க்கோ?

வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி, 2023 ஜூலை முதல் ஆண்டுக்குப் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. இது நற்செயல். எனினும் அக்கட்டாயம் வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சையையும் பகல்நேர அறுவையையும் பற்றியது. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டமோ மருத்துவச் செலவுக்குத் தொகை வரம்பும், விபத்து நேர்ந்த நாள் முதல் ஓராண்டு என்னும் கால வரம்பும் இட்டுள்ளது. சட்டத்துக்கு ஓராண்டு ஓர் எல்லை. தசைக்கும் மனத்துக்கும் அவ்வெல்லை தெரியாது. சாரத்திலிருந்து வீழ்ந்து உயிர் தப்பியவன் மீள்வது விடுதியின் அடுக்குக் கட்டிலுக்கு. அங்கே அவனைப் பிடித்து நடத்தத் தாயுமில்லை, தாரமுமில்லை.

2008-ல் தேக்காவின் கஃப் சாலையில், காயமுற்று வேலையின்றி இருக்கும் தொழிலாளர்க்கு இலவச உணவளிக்கும் திட்டம் ஒன்றை டிடபிள்யூசி2 என்னும் தொண்டமைப்பு தொடங்கிற்று. ஒருவேளை உணவு நோயைத் தீர்க்காது என்று சிலர் நகைக்கக்கூடும். உண்ண வந்தவனின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துச் சொல்லவும், அடுத்த தவணை நாளை நினைவூட்டவும் அங்கே ஒருவர் இருப்பாராயின், வள்ளுவர் கூறிய நான்காம் கூறு அங்கே உயிர்பெறும். கரைந்த தசை வளர்வதற்கு முதற்பொருளும் உணவேயன்றோ?

தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் நம்மவர்க்கு நாம் கூறுவது இது. பிழைத்து வந்தவனைப் பார்த்து, "ஆள் தேறிவிட்டான், இன்னும் ஏன் படுத்துக் கிடக்கிறான்?" என்று கேட்பதை விடுவோம். சோம்பல் என்றும், தலைவிதி என்றும், காற்று கருப்பு என்றும் பெயரிடுவதையும் விடுவோம். அது நோயின் மறுபாதி, பெயருள்ள பிணி, பயிற்சியாலும் உணவாலும் ஆறுதலாலும் குறையக்கூடிய பிணி. நோயாளி வெளிவரும் நாளில் மூன்று செய்திகளைக் கேட்டு எழுதி வைப்போம்: எந்த மருந்து, எத்தனை நாள், எந்தப் பயிற்சி, யார் கற்பிப்பார், மீண்டும் எந்நாள், எவரிடம் வருவது. ஆங்கிலம் அறிந்தவர் அறியாதவரோடு உடன்செல்வது பெருங்கொடையினும் பெரிது.

ஆஸ்பத்திரி ஏட்டில் வெளியேறினான் என்று எழுதும் நாளில் ஒரு கணக்கு மூடப்படுகிறது. அதே நாளில் சமுதாயத்தின் கணக்கு திறக்கப்படவேண்டும். அதை எழுதும் கடமை நம்முடையது.