சொல்லிசை சோறு போடுமா?

"பாட்டுப் பாடினால் வயிறு நிறையுமா?" பெம்பான் போன்ற சிற்றூர்களில் சொல்லிசைக் கலைஞனாக ஆசைப்படும் மாணவனிடம் பெற்றோர் கேட்கக்கூடிய கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் மலேசிய இசை வரலாற்றிலேயே இருக்கிறது.

1990களில் போயட்டிக் அம்மோ குழுவில் பாடிய யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் 2006இல் 'வல்லவன்' என்ற தமிழ் ஆல்பத்தை வெளியிட்டார். அதில் புகழ்பெற்றது 'மடை திறந்து'. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்த பாடலின் புது வடிவம் அது. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது.

அந்த ஒரு பாடலை எண்ணிப் பாருங்கள். மேடையில் தெரிபவர் பாடகர். அவருக்குப் பின்னால் பாடலாசிரியர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர், தயாரிப்பாளர். அத்தனையும் தொழில்தான்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 50 ஆண்டுகளும் உரிமை தருகிறது. 1989இல் தொடங்கிய எம்.ஏ.சி.பி. அமைப்பு, வானொலியிலும் மேடையிலும் ஒலிக்கும் பாடல்களுக்குக் கட்டணம் வசூலித்து, அவற்றைப் படைத்த உறுப்பினர்களுக்குப் பங்கிடுகிறது.

ஆகவே, ஒப்பந்தத்தை முழுதாகப் படித்த பிறகே கையெழுத்துப் போட மாணவன் பழக வேண்டும். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும். பணம் வேறு வீட்டுக்குப் போகும்.