நீல நிறம் சொன்ன சாட்சி

ஆண்மக்களின் சந்தானக் குறையை ஸ்டெம் செல் என்னும் மூல உயிரணுக்களால் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையின் பிறப்பிடத்தைத் தேடிப் போகிறவர்கள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே வந்து சேர்வார்கள். பண்ணையில் வளர்ந்து கால்நடை மருத்துவம் கற்ற ரால்ஃப் பிரின்ஸ்டர், 1960-களிலேயே எலியின் கருவை உடலுக்கு வெளியே வளர்ப்பதற்கேற்ற திரவத்தைப் பக்குவப்படுத்தியவர். பருவம் எய்திய நாள் முதல் முதுமை வரை ஆணுடலில் விந்தணுக்கள் ஓயாமல் உற்பத்தியாகின்றன என்றால், தான் குறையாமலே தன் சந்ததியைப் பெருக்கும் மூல அணு ஒன்று விரையில் குடியிருக்க வேண்டும் என்பது முன்பே அறிந்த விஷயந்தான்; அதை ஓர் உடலிலிருந்து எடுத்து வேறோர் உடலில் குடியேற்றினால் பிழைக்குமா என்பதே அவரை வாட்டிய கேள்வி.

1994-ல் அவரும் சகாக்களும், ஆரோக்கியமான எலியின் விரையிலிருந்து பிரித்தெடுத்த அணுக்களை, நுனி மெலிந்த கண்ணாடி ஊசி வழியாக, மலட்டு எலியின் விரைக்குள் சுருண்டு கிடக்கும் நுண்குழாய்களில் செலுத்தினார்கள். கொடுத்த எலியின் அணுக்களில் மாத்திரம் ஒரு பாக்டீரியாவின் மரபணு முன்னரே சேர்க்கப்பட்டிருந்தபடியால், சில மாதங்கள் கழித்து ரசாயனத்தில் ஊறவைத்ததும் அவை குடியேறிய இடமெல்லாம் நீலம் ஏறிற்று. வெளுத்த நூற்கண்டு போன்ற குழாய்களுக்கிடையே ஓடிய அந்த நீல இழைகளுக்கு மேல் வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. மலட்டு எலிகளில் சில தந்தையாயின. பிறந்த குட்டிகளில் பலவோ கொடுத்த எலியின் வம்சம்.

1996-ல், திரவ நைட்ரஜன் குளிரில் உறைந்திருந்த அணுக்களும் இவ்வாறே உயிர்த்தெழுந்தன. இதன் அருமை புற்றுநோயுற்ற சிறுவர்களை நினைத்தால்தான் விளங்கும். வயது வந்தவன் சிகிச்சைக்கு முன் விந்தைச் சேமித்துவைக்கலாம். விந்தே ஊறாத பிராயத்துப் பாலகனுக்கு அந்த வழியில்லை, கடுமையான மருந்தோ மூல அணுக்களையே அழித்துவிடக்கூடும். ஆகவே பல தேசங்களில் அவர்களுடைய விரைத் திசுவில் சிறு துணுக்கை எடுத்து, பின்னாளில் அதிலுள்ள மூல அணுக்களை அவர்கள் உடலிலேயே மீண்டும் குடியேற்றலாம் என்ற நம்பிக்கையில் உறையவைத்துக் காக்கிறார்கள். மருந்தால் மலடான குரங்குகளிலும் இக்குடியேற்ற முறை பலித்ததை 2012-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.



ஆனால் மனிதரிடத்தில் இம்முறை சோதனைக் கட்டத்தைக் கடந்த சிகிச்சை அன்று. ஸ்டெம் செல் ஊசியால் இன்றே குழந்தை என்று விலை பேசுவோரை நம்பிப் பொருளை இழக்க வேண்டாம் என்று தம்பதிகளையும், மகனுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்குமுன் அவனுடைய சந்தான சக்தியைக் காக்க வழியுண்டா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள் என்று பெற்றோரையும் வேண்டிக்கொள்கிறேன்.