மூட்டு நோயும் சுரப்பு நீரும்

கோலா சுங்கை பாரு வட்டாரத்துத் தோட்டங்களில் பால் வெட்டிய தாய்மார்களை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. விடியுமுன் எழுந்தால் கைவிரல்கள் மடங்குவதில்லை. கத்தியைப் பிடிக்க முடிவதில்லை. வெயில் ஏறிய பிறகே முட்டிகள் சற்றே இளகும். பெரட்டுக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதன்மேல் 'சோம்பேறி' என்ற பெயர் வேறு. அந்தத் தாய்மார்களில் சிலர் இன்னொன்றும் சொல்வதுண்டு. "பிள்ளை வயிற்றில் இருந்தபோது வலியே இல்லை, பெற்றெடுத்த இரண்டாம் மாதம் திரும்பி வந்துவிட்டது" என்பார்கள். லயத்துப் பாட்டிமார்கள் இதற்குப் பச்சை உடம்பில் காற்றுப் பட்டதைக் காரணம் காட்டுவார்கள். காரணம் தவறு, ஆனால் கவனித்த செய்தி முழு உண்மை. அதே செய்தியைக் கவனித்த ஓர் அமெரிக்க மருத்துவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்.

அவர் பெயர் பிலிப் ஹென்ச். மினசோட்டா மாநிலத்திலுள்ள ரோச்செஸ்டர் நகரின் மேயோ மருத்துவ நிலையத்தில் மூட்டு நோய்ப் பிரிவைக் கவனித்தவர். 1929ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், 65 வயது நோயாளி ஒருவர் அவரிடம் வந்தார். வந்தவரும் ஒரு மருத்துவரே. தமக்குக் காமாலை கண்டதும் மூட்டு வலி மறைந்துவிட்டது என்றும், காமாலை தீர்ந்த பிறகும் பல வாரங்கள் வலி வரவில்லை என்றும் அவர் கூறினார். வேறொருவராக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார். ஹென்ச் அதைக் குறித்துக்கொண்டார். அன்று முதல் இத்தகைய நோயாளிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். கர்ப்பிணிகளுக்கும் அதே நிவாரணம் கிடைப்பதைக் கண்டு 1938இல் கட்டுரையாக வெளியிட்டார். காமாலை கண்ட ஆண்களும் தேறினார்கள், கர்ப்பமுற்ற பெண்களும் தேறினார்கள். ஆகவே, இருபாலார் உடம்பிலும் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பெயர் தெரியாத அந்தப் பொருளுக்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். பித்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார். காமாலைக்காரர் இரத்தத்தையும் ஏற்றிப் பார்த்தார். பயன் இல்லை.

விடை அதே மருத்துவ நிலையத்தில் இருந்தது. எட்வர்ட் கெண்டல் என்னும் வேதியியலாளர், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு எழுத்துகளால் பெயரிட்டு வைத்திருந்தார். அவற்றுள் 'ஈ' என்பதைச் சோதிக்கலாம் என இருவரும் 1941இல் பேசி வைத்தார்கள். ஆனால், மாட்டுச் சுரப்பிகளை மலையாகக் குவித்தாலும் கிடைப்பது சிட்டிகையளவுதான். மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து அதைச் செயற்கையாக உருவாக்கிய பின்னரே வழி பிறந்தது.

1948 செப்டம்பர் 21. நடக்க இயலாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு அந்த மருந்து 100 மில்லிகிராம் ஊசியாகப் போடப்பட்டது. மூன்றாம் நாள் அவர் உடல் இளகியது. ஒரு வாரத்தில் அவர் கடைத்தெருவுக்குப் போய் மணிக்கணக்கில் சுற்றிவிட்டு வந்தார்! 'ஈ' பின்னர் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்றது. 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இது எப்படி வேலை செய்தது? கிருமியை எதிர்க்கும் நம் உடலின் காவற்படை, சில வேளைகளில் சொந்த உறுப்புகளையே எதிரியென எண்ணித் தாக்குகிறது. இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம். இப்படி ஒன்று நடக்காது என்றே நெடுங்காலம் மருத்துவ உலகம் நம்பியது. நோயல் ரோஸ், எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி ஆகியோர் 1956இல் முயல்களின் தைராய்டுச் சுரப்பியை வைத்து அந்த நம்பிக்கையை உடைத்தனர். கார்ட்டிசோன் அந்தக் காவற்படையை அடக்கியது. நோயை வேரோடு பிடுங்கவில்லை. நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்தால் முகம் நிலாப்போல் உப்பியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது.

தன்னெதிர்ப்பு நோய்களுள் கொடியது லூபஸ் எனலாம். கன்னத்தில் செந்தடிப்பு, மூட்டு வலி, பிறகு சிறுநீரகம் பழுதாதல் என்று அது நீளும். இளம் பெண்களையே அது மிகுதியாகத் தேடிப் பிடிக்கிறது. பெண்களை ஏன்? நியூசிலாந்தில் உருவாக்கப்பட்ட எலி இனங்களைக் கலந்து பெற்ற கலப்பின எலிகளுக்கு லூபஸ் போன்ற நோய் தானாகவே வரும். அவற்றிலும் பெண் எலிகளே முந்திச் சாகும். கலிபோர்னியாவில் ரூபினியன், நார்மன் தலால் குழுவினர் அந்த ஆண் எலிகளின் விரைகளை அகற்றினர். அவையும் பெண் எலிகளைப் போல் விரைவில் மடிந்தன. பெண் எலிகளுக்கு ஆண் இயக்குநீரைக் கொடுத்தனர். அவை நெடுநாள் வாழ்ந்தன. 1978இல் வெளிவந்த இந்த ஆய்வு, பெண் இயக்குநீர் நோயைத் தூண்டுகிறது, ஆண் இயக்குநீர் தடுக்கிறது என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியது.

நம் நாட்டிலும் இக்கணக்கு எடுக்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 539 லூபஸ் நோயாளிகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரையில், ஓர் ஆணுக்குப் பன்னிரண்டு பெண்கள் என்ற விகிதம் காணப்படுகிறது. சீனரிடையே நோய் மிகுதி, மலாய்க்காரரிடையே அதற்கடுத்து, இந்தியரிடையே குறைவு. கட்டுரையாளர்களுள் மணிவாசகர் என்னும் தமிழ்ப் பெயரும் உண்டு என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. ஆனால், 'இந்தியருக்குக் குறைவு' என்பதை 'நமக்கு வராது' என்று படித்துவிடக் கூடாது.

எலி சொன்ன பாடம் மனிதருக்கு அப்படியே பொருந்தவுமில்லை. நோய் அடங்கியிருக்கும் பெண்கள் கருத்தடை மாத்திரை உண்பதால் லூபஸ் மோசமாவதில்லை என 2005இல் வெளிவந்த சோதனை காட்டியது. மூட்டுவாதம் கர்ப்பத்தில் தணிகிறது. லூபஸோ சிலருக்குக் கர்ப்பத்திலேயே சீறுகிறது. 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், பெண் உயிரணுக்களில் இரண்டாம் எக்ஸ் குரோமோசோமை உறங்க வைக்கும் மூலக்கூறே காவற்படையைச் சினமூட்டக்கூடும் என்று காட்டினர். இயக்குநீர் கதையின் ஒரு பாதிதான் போலும்.

இனி, நம் வீட்டு வாசலுக்கு வருவோம். பாசார் மாலாமிலும் சில்லறைக் கடைகளிலும் 'மூலிகை' என்று விற்கப்படும் வாத மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. அது கார்ட்டிசோனின் வீரியம் மிகுந்த தம்பி. உண்டவருக்கு மூன்றே நாளில் வலி போகும். அன்று ரோச்செஸ்டரில் நடந்ததும் அதுவே. ஆனால் அங்கே மருத்துவர் அளந்து கொடுத்தார். இங்கே பொட்டலத்தில் பெயர்கூட இல்லை. மாதக்கணக்கில் உண்டவரின் அட்ரினல் சுரப்பி, தனக்கு வேலை இல்லையென்று உறங்கிவிடும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால், இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, முகம் உப்பிய அக்காளோ அத்தையோ வீட்டில் இருந்தால் அந்தப் பொட்டலத்தை எறிந்துவிட வேண்டாம். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எதை, எவ்வளவு மெதுவாகக் குறைப்பது என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.